கடைக்கு வெப்சைட்: விலை, நேரம், போன் நம்பர் தவிர வேற என்னதான் வேணும்?

கரிசல்காட்டான் | கோவில்பட்டி | ஞாயிறு இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு கோவில்பட்டியில கடலைமிட்டாய் கடை. அப்பா காலத்துக் கடை, இப்ப நானும் அக்காவும் பாக்கோம். 2019-ல ஒரு ஏஜென்சியிட்ட கொடுத்து வெப்சைட் போட்டோம். இப்ப அது பெரிய தலைவலி.

போன்ல திறந்தா முதல்ல பெரிய படம் ஒண்ணு ஓடும். வெளிநாட்டுப் பிள்ளைக எதையோ கடிச்சுக்கிட்டு சிரிக்குதுக, எங்க மிட்டாய் கூட இல்ல. அது நகர்றதுக்குள்ள "அறிவிப்புகளை அனுமதிக்கவா"ன்னு ஒரு பெட்டி. அதை மூடினா "சலுகைகளுக்கு ஈமெயில் தாருங்கள்"னு இன்னொண்ணு. விலைப்பட்டியல் படமா கிடக்கு, அதுவும் 2021 விலை. போன் நம்பரு அடியில இன்னொரு படத்துக்குள்ள. போன வாரத்துல இருந்து "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல"ன்னு வேற வருது. ஏஜென்சிக்காரர் போனை எடுக்க மாட்டேங்காரு.

இதுக்கு நடுவுல வேற ஒருத்தர் வந்து, ஆப்போட சேர்த்து 85 ஆயிரம்னு கொட்டேஷன் கொடுத்துட்டுப் போயிருக்காரு. ஆப்ல லாயல்டி பாயிண்ட் எல்லாம் வருமாம். எங்களுக்கு வர்ற போன்ல பாதி, பைபாஸ்ல கார்ல போறவங்க "கடை திறந்திருக்கா"ன்னு கேக்கதுதான். மீதி வெளியூர்க்காரங்க, "கிலோ என்ன, பார்சல் அனுப்புவீங்களா"ன்னு. இதுக்கு ஆப் எதுக்குலன்னு அக்கா கேக்கா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_மோடம் | ஞாயிறு இரவு 10:20

அந்த 85 ஆயிரத்தை அக்காவுக்கே கொடுத்துவிடுங்கள் தம்பி.

வடிவமைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் டொமைன், அதாவது உங்கள் வெப்சைட் முகவரிப் பெயர், யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். டொமைன் பதிவு விவரம் காட்டுகிற ஹூயிஸ் (whois) தளங்கள் எதிலாவது உங்கள் முகவரியை அடித்துத் தேடினால், எந்த நிறுவனத்தில் பதிவு, எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரிந்துவிடும். உரிமையாளர் பெயர் மறைத்திருக்கலாம். அப்படியென்றால் 2019 பில்லைத் தேடி எடுங்கள். இந்த வேலையில் நான் பார்த்த கடைகளில் ரொம்பப் பேருக்கு டொமைன் ஏஜென்சிக்காரர் பேரில், அவருடைய ஈமெயிலில்தான் இருக்கும். கடைப் பெயர்ப்பலகையை வாடகைக்கு வைத்திருக்கிற கதைதான்.

டாட் காம் என்றால் காலாவதி ஆன அன்றே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் சலுகைக் காலம் இருக்கும். அது தாண்டினால் அபராதம் கட்டி மீட்க 30 நாள். பிறகு ஒரு 5 நாள் யாரும் தொட முடியாமல் கிடக்கும். அதோடு சரி, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் பழைய பெயரை ஒரு சூதாட்டத் தளம் வாங்கிப் போட்டால், இத்தனை வருஷமாக விசிட்டிங் கார்டில் அடித்த முகவரி அங்கே போய் நிற்கும். டாட் இன் என்றால் அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் கீழ் வரும், விதிகள் கொஞ்சம் மாறும். அதற்கும் காலாவதித் தேதியை இன்றே பார்த்து வையுங்கள்.

ஏஜென்சிக்காரரிடம் சண்டை போடாதீர்கள். "டொமைன் டிரான்ஸ்பர் கோடு மட்டும் கொடுங்கள், பாக்கி இருந்தால் தீர்த்துவிடுகிறேன்" என்று வாட்ஸப்பில் எழுத்தாகக் கேளுங்கள். கைக்கு வந்ததும் கடை பேரில் ஒரு ஈமெயில் திறந்து, அதில் பதிவு செய்யுங்கள். வேலைக்கு இருக்கிற பையன் ஈமெயில் வேண்டாம், மச்சான் ஈமெயிலும் வேண்டாம்.

---

ஈரோடு_ஜவுளி | ஞாயிறு இரவு 10:51

ஏனுங்க, இந்தக் காலத்துல வெப்சைட்டே எதுக்குங்க? நாங்க ஈரோட்டுல நைட்டி, பெட்ஷீட் ஹோல்சேல் பண்றோமுங்க. இன்ஸ்டாவுல ரீல் போட்டா அடுத்த நாளே வாட்ஸப்புல ஆர்டர் வருது. கேட்டலாக் வாட்ஸப் பிசினஸ்லயே இருக்கு. கூகுள் மேப்புல கடை இருக்கு. மூணுமே காசு இல்லாம வருதுங்க. டொமைனு, சைட்டை வைக்கிற சர்வருக்கு வாடகையா ஹோஸ்டிங்குன்னு வருஷா வருஷம் கட்டறதுக்குப் பதிலா ரெண்டு நல்ல டிரைபாடு வாங்கலாம்.

---

பழைய_மோடம் | ஞாயிறு இரவு 11:08

பாதி சரி. கோவில்பட்டித் தம்பி முதலில் செய்ய வேண்டியதே கூகுள் மேப்பில் கடையைச் சரிபார்த்து, நேரத்தைத் திருத்துவதுதான். பைபாஸில் போகிறவர் வெப்சைட் முகவரி அடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் மூன்றும் அடுத்தவன் இடம். கூகுளே சின்னக் கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்கம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கடைப் பெயருக்குப் பின்னால் பிசினஸ் டாட் சைட் என்று வரும். 2024 மார்ச்சில் மொத்தமாக மூடிவிட்டார்கள். விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் கதி என்ன? 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸப் மூன்றும் ஒன்றாகப் படுத்தன, ஏறக்குறைய ஆறு மணி நேரம். உங்கள் கடையில் ரீலும் ஆர்டரும் கேட்டலாக்கும் ஒரே முதலாளியிடம்தான் இருக்கின்றன.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூகுள் மேப்பில் உங்கள் கடைத் தகவலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். போன் நம்பரை மாற்றிவிட்டு, கூப்பிடுகிறவரிடம் முன்பணம் கறக்கிற கும்பல்கள் உண்டு. "எது உண்மையான நம்பர்?" என்று சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் எங்கே போய்ப் பார்ப்பார்? கடைக்காரர் மட்டுமே எழுதக்கூடிய ஓர் இடம் வேண்டாமா?

---

ஈரோடு_ஜவுளி | ஞாயிறு இரவு 11:15

நம்பர் மாத்தற விஷயம் நெசந்தானுங்க. எங்க பக்கத்துக் கடைக்கே ஆச்சு. ஆனாலும் எங்க கஸ்டமர் பூரா இன்ஸ்டாவுலதான் இருக்காங்க.

---

ஓசூர்_ரேவதி | திங்கள் காலை 7:30

பத்து வருஷமா இதே வேலை பார்க்கிறேன், அதனால டெவலப்பர் பக்கம் நின்னு கொஞ்சம் பேசுறேன். அந்த ஓடுற படம் (ஸ்லைடர்), குறுக்க வர்ற பெட்டி (பாப்-அப்) எல்லாம் நாங்களா ஆசைப்பட்டுப் போடுறோம்னு நினைக்காதீங்க. கிளையண்ட் பக்கத்துக் கடை சைட்டைக் காட்டி "இது மாதிரி ஓடணும்"னு கேப்பாரு. சும்மா பேரு, விலை, முகவரின்னு ஒரு பக்கம் சுத்தமா செஞ்சு கொடுத்தா "இதுக்கா இவ்ளோ பணம்?"னு முகம் சுளிப்பாரு. எடுத்த வேலை கண்ணுக்குத் தெரியணுமாம்.

ஏஜென்சி போன் எடுக்கலைன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். பராமரிப்புக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகை பேசினீங்களா? பெரும்பாலும் பேசியிருக்க மாட்டாங்க. ஒரு தடவை காசு வாங்கிட்டு ஆயுசுக்கும் பார்த்துக்கணும்னா யாரால முடியும்?

---

கரிசல்காட்டான் | திங்கள் காலை 8:05

நீங்க சொல்லுறது நியாயந்தான் மேடம். வருஷக் கட்டணம்னு ஒண்ணும் பேசல. ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன். சைட்ல "எங்களைத் தொடர்புகொள்ள"ன்னு ஒரு படிவம் இருக்கு. நேத்து ராத்திரி நானே அதுல எழுதி அனுப்பிப் பார்த்தேன். "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்"னு வருது. எங்க மெயிலுக்கு ஒண்ணும் வரல. எங்க போகுதுன்னே தெரியல. 2019-ல இருந்து யார் யாரு எழுதினாங்களோ, பதில் வரலன்னு எங்களைத்தான் திட்டிருப்பாங்க.

---

ஓசூர்_ரேவதி | திங்கள் காலை 8:20

அது பெரும்பாலும் டெவலப்பரோட டெஸ்ட் மெயிலுக்குப் போய்க்கிட்டிருக்கும். இல்லேன்னா சர்வர் அனுப்பி, ஸ்பாம்ல விழுந்திருக்கும். படிவமே வேண்டாம், எடுத்துடுங்க. தொட்டா போன் போற மாதிரி நம்பர், தொட்டா வாட்ஸப் திறக்கிற மாதிரி ஒரு லிங்க் போதும்.

---

விரல்வழி | சென்னை | திங்கள் மாலை 6:45

எனக்குப் பார்வை இல்லை. வங்கியில் வேலை. கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக்; இரண்டும் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர்கள். கரிசல்காட்டான் கடையின் தளத்தைத் திறந்து கேட்டேன். என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"இணைப்பு, படம், ஐஎம்ஜி அடிக்கோடு 2019 0412." அடுத்து "பட்டன்." என்ன பட்டன் என்று சொல்லவில்லை. அடுத்து இன்னொரு "பட்டன்." அது பாப்-அப்பை மூடுகிற பெருக்கல் குறியாக இருக்கும் என்று ஊகித்துத் தட்டினேன், ஸ்லைடர் நகர்ந்தது. நகர்ந்ததும் நான் கேட்டுக்கொண்டிருந்த இடம் தொலைந்து மறுபடி மேலே போய்விட்டது. விலைப்பட்டியல் இருக்கும் இடத்தில் "படம், ரேட் லிஸ்ட் பைனல் 2." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விலை. போன் நம்பர் எனக்கு இல்லவே இல்லை.

தமிழில் எழுதியிருக்கும் "எங்களைப் பற்றி" பத்தியும் சரியாக வரவில்லை. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று உள்ளே குறித்து வைத்திருப்பதால், ஆங்கிலக் குரல் அதைப் படிக்கப் பார்த்துத் தடுமாறுகிறது. தமிழ் என்று ஓர் இடத்தில் குறித்தால் தமிழ்க் குரலுக்கு மாறிவிடும். ஒரு வரி வேலை.

இத்தனைக்கும் எனக்குத் தேவைப்பட்டது அரைக்கிலோ மிட்டாயின் விலைதான்.

---

பழைய_மோடம் | திங்கள் மாலை 7:10

இழையில் இதுவரை வந்ததில் உருப்படியான பதிவு இதுதான்.

"பார்வையற்றவர் எத்தனை பேர் கடலைமிட்டாய் வாங்கப் போகிறார்கள்" என்று ஒரு ஏஜென்சிக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார். விலையைப் படமாகப் போட்டால் என்விடிஏ மட்டுமா முழிக்கிறது? கூகுள் தேடல் அதை எழுத்தை நம்புகிற அளவுக்கு நம்பாது. நம்பரைக் காப்பி பண்ணி நண்பருக்கு அனுப்ப முடியாது. அறுபது வயதுக்காரர் எழுத்தைப் பெரிதாக்கினால் கலங்கிப்போகும். சிக்னல் இல்லாத இடத்தில் படம் வராது, வெறும் சாம்பல் கட்டம்தான் வரும். ஒருவருக்குக் கதவு அடைத்தால் நாலு பேருக்கு அடைக்கிறது.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, இது இப்போதைய நாகரிகம். வலை அணுகல் விதிகளில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று இருக்கிறது. கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி என்று விட்டாலே 21-க்கு 1 வந்துவிடும். யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும் என்கிற அபூர்வமான இடம் இது. எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். மேலே புள்ளியும் கீழே உகரக் கொக்கியும் ஒன்றோடொன்று முட்டும். விரலால் விரித்துப் பெரிதாக்குவதை முடக்கி வைக்கிற வழக்கமும் சிலரிடம் உண்டு. எதற்கென்று இன்றுவரை எனக்கு யாரும் காரணம் சொன்னதில்லை.

---

மாணவன்_திருச்சி | திங்கள் இரவு 8:00

ஒரு சந்தேகம் சார். ஒரே ஒரு வரி புரோகிராம் கோடு சேர்த்தா சைட் முழுக்க எல்லாருக்கும் அணுகக்கூடியதா மாறிடும்னு விக்கிறாங்களே. ஓரத்துல சக்கர நாற்காலி படம் போட்ட பட்டன் வருமே, அதைப் போட்டா போதாதா?

---

விரல்வழி | திங்கள் இரவு 8:25

போதாது. அந்தப் பட்டன் வரும் பல தளங்களில் என் ரீடரோடு அதுவே சண்டைக்கு நிற்கும். அதை முடக்கிவிட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. விலைப் படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரருக்குத்தான் தெரியும், அந்த ஒரு வரி கோடுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இப்படி விற்ற ஒரு நிறுவனம், செய்யாததைச் செய்யும் என்று விளம்பரப்படுத்தியதற்காக 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அங்கே வணிக ஆணையம் 2025-ல் உத்தரவு போட்டது.

நம் ஊரிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தில் உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடலைமிட்டாய்க் கடைக்கு நாளைக்கே நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விலையை எழுத்தில் அடியுங்கள், படத்துக்கு ஒரு வரி விளக்கம் கொடுங்கள். எனக்கு அது போதும்.

---

ஸ்காபரோ_கடை | கனடா | செவ்வாய் அதிகாலை 4:12

வணக்கம் எல்லாருக்கும். நான் ரொறன்ரோவில பலசரக்குக் கடை வைச்சிருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். எங்கட பழைய இணையத்தளம் பாமினி எழுத்துருவில, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் காட்டுற பழைய முறையில, இருந்தது. அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தான் போட்டவை. எழுத்துரு இருக்கிற கணினியில வடிவாத் தெரியும். கூகுளில தேடினால் எங்கட கடை வரவே வராது, ஏனெண்டு கனகாலம் விளங்கேல்ல. பாமினியில "அம்மா" எண்டு எழுதினால் உள்ளுக்குக் கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கூகுள் பாவம், அதுக்கு என்ன செய்யேலும்? விரல்வழி அண்ணை மாதிரி ஆக்களின்ர வாசிப்பானும் அதைத்தான் வாசிக்கும். எல்லாத்தையும் உள்ளுக்கும் தமிழாவே கிடக்கிற யூனிகோடுக்கு மாத்தின பிறகுதான் கடைக்குத் தமிழில தேடி ஆக்கள் வரத் தொடங்கிச்சினம்.

கோவில்பட்டித் தம்பிக்கு ரெண்டு விசயம். இஞ்ச இருக்கிற பிள்ளையள் தமிழில தேடமாட்டினம், "கடலை மிட்டாய்" எண்டதை ஆங்கில எழுத்தில அடிச்சுத்தான் தேடுவினம். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுத்துக் கூட்டுவினம். அதால பக்கத்தில பேரைத் தமிழிலயும் ஆங்கில எழுத்திலயும் போடுங்கோ. மற்றது, போன் நம்பருக்கு முன்னால 91 போடுங்கோ. பத்து இலக்கத்தை மட்டும் போட்டால் இஞ்சயிருந்து தொட்டவுடன வேற எங்கயோ போகும்.

---

கரிசல்காட்டான் | செவ்வாய் காலை 9:30

91 சமாச்சாரம் யோசிக்கவே இல்ல, நன்றி அண்ணே. டொமைன் விஷயமும் கேட்டாச்சு. பழைய_மோடம் சார் சொன்ன மாதிரி வாட்ஸப்ல தன்மையா எழுதினேன், அரை மணி நேரத்துல பதில் வந்துட்டு. அவரு அந்தத் தொழிலையே விட்டுட்டாராம். கோடு அனுப்புதேன்னாரு.

அடுத்த கேள்வி. பாதுகாப்பு இல்லன்னு வருதே, அதுக்கு ஒருத்தர் வருஷத்துக்கு 4,500 ரூவா கேக்காரு. கட்டணுமா?

---

பழைய_மோடம் | செவ்வாய் காலை 10:02

கட்ட வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்கிற அமைப்பு 2015 கடைசியிலிருந்து இலவசமாகவே அந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கொடுக்கிறது. உங்கள் கடைக்கு அது தாராளம். ஆனால் ஆயுள் 90 நாள்தான், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஹோஸ்டிங் அமைந்திருக்க வேண்டும். "காலாவதி ஆகப்போகிறது" என்று அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த நினைவூட்டல் மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029-ல் அதிகபட்சம் 47 நாள் என்று ஆகப்போகிறது. வருஷத்துக்கு ஒருதரம் ஆள் வைத்துப் புதுப்பிக்கிற காலம் முடிந்தது. ஹோஸ்டிங் வாங்கும்போது "சான்றிதழ் தானாகப் புதுப்பிக்குமா" என்று மட்டும் கேளுங்கள். இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

என் கட்சி இதுதான்: பக்கங்களை எழுதிய எச்டிஎம்எல் கோப்புகள் நாலைந்து, தோற்றத்துக்கு ஒரு ஸ்டைல் கோப்பு. டேட்டாபேஸ் கிடையாது, பிளக்இன் என்கிற துணை நிரல்கள் கிடையாது, ஹேக் பண்ண ஒன்றும் கிடையாது. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் போட்ட முதல் வலைத்தளத்தை, 2013-ல் அதே முகவரியில் மீட்டு வைத்தார்கள். இன்றைக்கு உங்கள் போனில் திறந்தாலும் திறக்கும். பிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் இழைத்து இழைத்துக் கட்டிய ஓட்டல் தளங்களெல்லாம் எங்கே? 2020 டிசம்பர் 31-உடன் பிளாஷ் போச்சு, அவையும் போச்சு.

---

ஓசூர்_ரேவதி | செவ்வாய் பகல் 1:15

இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன் சார். வெல்லம் விலை ஏறினா மிட்டாய் விலை ஏறும். அன்னிக்கு யார் எச்டிஎம்எல்-ஐத் திறந்து திருத்துறது? கடைக்காரர் ஒரு குறியைத் தெரியாம அழிச்சார்னா மொத்த அட்டவணையும் கோணிக்கும். அப்புறம் பழையபடி "டெவலப்பர் போன் எடுக்கலை"தான். 2021 விலை இன்னும் அப்படியே நிக்கிறதுக்குக் காரணம் ஸ்லைடர் இல்லை, திருத்தத் தெரிஞ்ச ஆள் கடையில இல்லாததுதான்.

லாகின் பண்ணி சைட்டைத் திருத்துற மென்பொருள்தான் வேர்ட்பிரஸ், அதை எல்லாரும் திட்டுறாங்க. அதோட சொந்த தீம் (தோற்ற அமைப்பு), ரெண்டே ரெண்டு பிளக்இன், தானியங்கி அப்டேட் ஆன் பண்ணி வச்சா ஒண்ணும் ஆகாது. 2020-ல வந்த 5.5 பதிப்புலயே பிளக்இன்களும் தானா அப்டேட் ஆகுற வசதி வந்தாச்சு. பக்கத்தைக் கட்டுற பில்டர் பிளக்இன் ஒண்ணு, ஸ்லைடருக்கு ஒண்ணு, பாப்-அப்புக்கு ஒண்ணு, அந்த பில்டருக்கு இன்னொரு ஆட்-ஆன்னு இருபத்தஞ்சைச் சேர்த்து வைக்கிறதுதான் பிரச்சினை. அக்கா போன்லயே லாகின் பண்ணி விலையை மாத்திடுவாங்க.

---

பழைய_மோடம் | செவ்வாய் பகல் 1:40

விலையைத் திருத்துகிற ஆள் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் வேலை செய்யும் கடைகளில் விலை மட்டும் தனிக் கோப்பாக வைத்து, ஒரு வரிக்கு ஒரு பொருள் என்று போட்டுக் கொடுப்பேன். ஹோஸ்டிங் பக்கத்திலேயே திறந்து எண்ணை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். உங்கள் வேர்ட்பிரஸ் வழியில் இரண்டு வருஷம் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. பிளக்இன் எழுதினவரே கைவிட்டால் தானியங்கி அப்டேட் எங்கிருந்து வரும்?

---

ஓசூர்_ரேவதி | செவ்வாய் பகல் 1:52

இரண்டு வருஷம் உள்ள எட்டிப் பார்க்காத கடையோட விலை உங்க எச்டிஎம்எல்-லயும் தப்பாத்தானே இருக்கும் சார்.

---

ஈரோடு_ஜவுளி | செவ்வாய் பகல் 2:05

மேடம் 1, சார் 0 :)

---

நெறியாளர் | செவ்வாய் பகல் 3:30

ஹோஸ்டிங் விளம்பர இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். "டிஎம் பண்ணுங்க, கம்மியாப் பண்ணித் தரேன்" என்கிற பதிவுகளும் வேண்டாமே.

---

கரிசல்காட்டான் | புதன் இரவு 10:15

அக்காகிட்ட ரெண்டு வழியும் சொன்னேன். "எண்ணை மாத்துறதுதானே, நான் பாத்துக்கிடுதேன்"ன்னுட்டா. எச்டிஎம்எல் வழியே போறோம். ரேவதி மேடம் மன்னிக்கணும்.

பக்கத்துல என்ன வரணும்னு எழுதிப் பார்த்தோம். மேல கடைப் பேரு, தமிழ்லயும் ஆங்கில எழுத்துலயும். அதுக்குக் கீழயே "காலை 8 முதல் இரவு 9.30 வரை. ஞாயிறு மதியம் 2 வரை. பொங்கல், தீபாவளி அன்று மட்டும் விடுமுறை." அடுத்து போன், வாட்ஸப். அப்புறம் விலை அட்டவணை. அப்புறம் கடைக்கு வர்ற வழி. அப்புறம் பார்சல். கடைசியில அப்பா தொடங்கின கதை நாலு வரி. படம் மூணே மூணு: கடை முகப்பு, பாக்கெட்டு, பாகு ஊத்தி கட்டையால உருட்டிக் கத்தி போடுற படம். போன்ல எடுத்ததுதான், ஒவ்வொண்ணும் 4 எம்பிக்கு மேல இருக்கு. அப்படியே ஏத்தலாமா?

2020-ல கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு புவிசார் குறியீடு கிடைச்சதையும் போடலாம்ல?

---

ஓசூர்_ரேவதி | புதன் இரவு 10:40

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, அக்கா முடிவு பண்ணிட்டாங்கன்னா அதுதான் சரி.

படத்தை அப்படியே ஏத்தாதீங்க. அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைச்சு வெப்பி (WebP) இல்லேன்னா ஜேபெக் வடிவத்துல சேமிச்சா 150 கேபிக்குள்ள வந்துடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கடை முகப்புப் படத்தை மட்டும் பகல்ல, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு எடுங்க, கார்ல வர்றவங்க அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி. கூகுள் மேப்பைப் பக்கத்துக்குள்ளயே பதிக்காதீங்க, பக்கமே கனமாயிடும். "மேப்பில் திறக்க"ன்னு ஒரு லிங்க் போதும். இருந்தாலும் வழியை எழுத்துலயும் ரெண்டு வரி எழுதுங்க.

குறியீடு கிடைச்சதைச் சொல்லலாம். ஆனா அந்த முத்திரையைப் போடணும்னா நீங்க பதிவு பெற்ற பயனாளரா இருக்கணும். இல்லேன்னா முதல்ல பதிவு பண்ணுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண் 14 இலக்கமும் கீழே வரணும். இணையம் வழியா பாக்கெட் விக்கிறதா இருந்தா எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பேரு முகவரி எல்லாம் திரையிலயும் தெரியணும்னு 2018 ஜனவரியில இருந்தே எடையளவுச் சட்ட விதியில இருக்கு. ஆர்டர் வாங்குறீங்கன்னா போட்டுடுங்க. கார்ட், பேமெண்ட் கேட்வே எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸப்ல ஆர்டர், யூபிஐ-ல பணம். பணம் அனுப்பும்போது திரையில என்ன பேரு தெரியும்னு பக்கத்துல எழுதிடுங்க. அப்பா பேர்ல அக்கவுண்ட் இருந்து கடைப் பேரு வேறயா இருந்தா ஆளுக ரொம்ப யோசிப்பாங்க.

---

ஈரோடு_ஜவுளி | வியாழன் காலை 8:10

அந்த யூபிஐ பேரு விஷயம் அருமைங்க மேடம். எங்களுக்கு நெதமும் "இந்தப் பேரு வருது, சரிதானா"ன்னு ஸ்க்ரீன்ஷாட் வருது. நானும் ஒரு பக்கம் போட்டுடலாமான்னு ரோசனையா இருக்குதுங்க. ஆனா ரீலை விட மாட்டேன்.

---

கரிசல்காட்டான் | அடுத்த செவ்வாய் இரவு 9:05

சைட் ஏத்தியாச்சு. டொமைன் கடை மெயிலுக்கு மாறிட்டு. பாதுகாப்பு இல்லன்னு வந்த எச்சரிக்கையும் போயிட்டு. விரல்வழி சார், உங்களுக்கு நேரம் இருந்தா ஒருக்கா கேட்டுப் பாருங்க.

---

விரல்வழி | அடுத்த செவ்வாய் இரவு 9:50

கேட்டேன். தமிழ்க் குரலில் சரியாக வாசிக்கிறது. தலைப்புகளைத் தாவித் தாவிப் போக முடிகிறது, விலைக்கு இரண்டு தாவலில் போய்விட்டேன். போன் நம்பரைத் தட்டினால் டயல் ஆகிறது.

இரண்டு திருத்தம். அட்டவணையில் "500 கி" என்று இருக்கிறது. கிராமா கிலோவா என்று காதுக்குத் தெரியாது, முழுதாக எழுதிவிடுங்கள். மூன்றாவது படத்துக்கு விளக்கம் "படம் 3" என்றே இருக்கிறது. கத்தி போடுகிற படம் என்று சொன்னீர்களே, அதையே எழுதுங்கள்.

அரைக்கிலோ சென்னைக்கு அனுப்பினால் எவ்வளவு ஆகும்? பார்சல் பகுதியில் கிலோவுக்குத்தான் போட்டிருக்கிறீர்கள்.

---

கரிசல்காட்டான் | அடுத்த செவ்வாய் இரவு 10:02

மாத்தியாச்சு சார். அரைக்கிலோவுக்கும் கொரியர் கிலோ கணக்குத்தான் போடுறான், அதனால ஒரு கிலோவா வாங்குறது லாபம். அதையும் பார்சல் பகுதியில எழுதிருதேன். சனிக்கிழமை ஆர்டர் போட்டா திங்கள்தான் கிளம்பும், அக்கா அதையும் போடச் சொல்லுதா.